களையும் கலமும் புரதமும்: களைநாசினிக்குத் தாவரம் அளித்த விடையின் வரலாறு

1. முகவுரை

தமிழிலே ‘களை’ என்னுஞ் சொல் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். களையப்படுவது எதுவோ அதுவே களை. தாவரவியலாளர் வகுத்துள்ள குடும்பங்களிலும் பேரினங்களிலும் ‘களை’ என்றொரு பிரிவு இல்லை. கீரைப் பாத்தியில் முளைத்த நெல்லும் களைதான். நெல்வயலில் முளைத்த கீரையும் களைதான். எனவே இச்சொல் ஒரு தாவரத்தின் இயல்பைச் சுட்டுவதன்று. அத்தாவரத்துக்கும் நிலத்தைப் பயன்கொள்ளும் மனிதருக்கும் இடையிலான உறவைச் சுட்டுவது. கொலைத்தொழிலிற் கொடியவரை அரசன் ஒறுத்தலைப் பசும்பயிரிடையே களைகட்டலுக்கு ஒப்பிடுகிறது திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம். எது பயிர், எது களை என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் வினா அவ்வுவமையினுள்ளே பொதிந்து கிடக்கிறது.

இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் களைநாசினிகளையும் கலப்புரதங்களையும் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு வியப்பளிக்கலாம். களைநாசினிக்கு உட்பட்ட தாவரக் கலங்கள் எப்புரதங்களை மிகுதியாக ஆக்குகின்றன, எவற்றை மாற்றியமைக்கின்றன என்பதை இனங்காணும் முயற்சி அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. அம்முயற்சியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் நிரலாகவே கூறப்படுகிறது. ஆனால் அந்நிரலை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒத்த இயல்புடைய நிகழ்ச்சி இரு பெயர்களால் வழங்குகிறது. களையில் அது நிகழின் ‘எதிர்ப்பு’ எனப்படுகிறது. விற்பனைக்குரிய பயிரில் நிகழின் ‘தாங்குதிறன்’ எனப்படுகிறது. சொல் மாறுமிடத்தில் மாறுவது சொத்துறவேயன்றி உயிரியல் அன்று என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொற்களின் பொருள்மாற்றத்தைச் சமூக மாற்றத்தோடு இணைத்து நோக்குதல் எமது துறைக்குப் புறம்பானதன்று.

2. கையிலிருந்து இரசாயனத்துக்கு

களையெடுத்தல் வேளாண்மைத் தொழில்களுள் மிகுந்த உடலுழைப்பை வேண்டுவது; குனிந்த முதுகோடு செய்யப்படுவது. ஆதலால் அது எங்கும் சமூகத்தின் அடித்தளத்தில் இருந்தோர்மீதே சுமத்தப்பட்டது. எமது நாட்டிலே நெல்வயல்களிலும் பெருந்தோட்டங்களிலும் பெண்களே இவ்வேலையைப் பெரிதும் செய்து வந்துள்ளனர். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலப் பருத்தி வயல்களில் முதலில் ஆபிரிக்க அடிமைகளும், 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னர் அவர்தம் வழித்தோன்றல்களான வாரக்குடிகளும் கூலியாட்களும் மண்வெட்டியால் களைகொத்தினர். கூலி உயர்ந்த இடத்தும் கூலியாட்கள் நகரங்களை நோக்கிப் பெயர்ந்த இடத்தும் நிலவுடைமையாளர் இயந்திரத்தையும் இரசாயனத்தையும் நாடினர். களைநாசினி என்பது இவ்வகையில் உயிருள்ள உழைப்பின் இடத்தைப் பிடித்த ஒரு சரக்காகும்.

முதலாவது பெருந்தொகைக் களைநாசினியாகிய 2,4-டீ இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடைபெற்ற ஆய்வுகளின் பயனாக உருவாயிற்று. போர்க்கால இரகசியம் நீங்கியதும் அது சந்தைக்கு வந்தது. அதே இரசாயனம் 2,4,5-ரீ என்னும் மற்றொன்றுடன் கலக்கப்பட்டு, வியட்நாமில் மீண்டும் போர்க்களம் புகுந்தது. 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின் காடுகள்மீதும் பயிர்கள்மீதும் பொழிந்த களைநாசினிகளின் மொத்த அளவு 7 கோடி லீற்றருக்கும் மேற்பட்டது. அக்கலவையில் மாசாகக் கலந்திருந்த டயொக்சின் தலைமுறைகளைப் பாதித்தது. ஏகாதிபத்தியத்தின் கண்ணுக்கு ஒரு தேசத்தின் காடும் நெல்லுங்கூடக் களையாகத் தோன்றின என்பது மனங்கொள்ளத்தக்கது.

இங்கு அறிவியல் வரலாற்று நோக்கில் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். 2,4-டீ தாவரங்களின் வளர்ச்சி ஓமோனாகிய ஒட்சினைப் போலச் செயற்படுவது. 1980களின் தொடக்கத்தில் சோயா அவரை நாற்றுகளின் தண்டுத் துண்டங்களை அவ்விரசாயனத்துக்கு உட்படுத்திய ஆய்வாளர், சிறிது நேரத்துக்குள்ளாகவே கலத்திற் சில புரதங்களுக்குரிய செய்திமூலக்கூறுகள் மிகுவதைக் கண்டனர். ஆயினும் ஒட்சினையும் 2,4-டீயையும் முதலிற் பற்றிக்கொள்ளும் புரதம் எது என்பது 2005ஆம் ஆண்டிலேயே உறுதியாயிற்று. அறுபது ஆண்டுகளாக வயல்களிலும் ஒரு போரிலும் பயன்பட்ட பொருள் கலத்தினுள் எங்கே சென்று பொருந்துகிறது என்பதை அறியாமலே அது விற்கப்பட்டது. பயன்பாடு முந்தியது, அறிவு பிந்தியது. சந்தைக்கு வேண்டியது செடி சாவதேயன்றி, அது ஏன் சாகிறது என்பதன்று.

3. சாகாத களை

‘ஏன் சாகிறது’ என்னும் வினா வலிமை பெற்றது, சாகாத செடியொன்று தோன்றியபோதுதான். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த கெய்கி நிறுவனம் 1950களில் சிமசீன், அத்திரசீன் என்னும் களைநாசினிகளைச் சந்தைப்படுத்தியது. சோளப் பயிருக்குத் தீங்கின்றிக் களைகளை மட்டும் கொல்லும் இவை விரைவிற் பரவின. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தாவர நாற்றுப்பண்ணையொன்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தது. அங்கே செனீசியோ வுல்காரிசு எனப்படும் சிறு மஞ்சட்பூக் களை மருந்துக்கு மடியாமல் நின்றது. 1970இல் றையன் என்பார் இதனை ஆய்வேட்டில் அறிவித்தார். பெரிய ஆய்வுகூடம் எதுவும் எழுப்பாத வினாவை நாற்றுப்பண்ணையின் களையொன்று எழுப்பியது எனலாம்.

அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் விடை படிப்படியாகத் தெளிந்தது. 1976இல், எதிர்ப்புடைய செடியிலிருந்து பிரித்தெடுத்த பச்சையவுருமணிகள் களைநாசினியின் முன்னிலையிலும் ஒளித்தொகுப்பைத் தொடர்ந்து நிகழ்த்துவது காட்டப்பட்டது. ஆகவே நஞ்சு உள்ளே செல்லவில்லை என்பதோ வழியில் அழிக்கப்பட்டது என்பதோ காரணமன்று. அது தாக்கவேண்டிய இடமே மாறியிருந்தது. 1978இல் கனடாவில் நிகழ்ந்த இனக்கலப்பு ஆய்வுகள், இப்பண்பு தாய்வழியாகவே கடத்தப்படுவதை வெளிப்படுத்தின. பச்சையவுருமணி தனக்கென உரிய பரம்பரையலகுகளை உடையது. பெரும்பாலான தாவரங்களில் அது தாயிடமிருந்தே வழித்தோன்றலுக்குச் செல்வது. எனவே தேடவேண்டிய புரதம் அங்கேயே ஆக்கப்படுவது என்பது உய்த்துணரப்பட்டது.

1981இல் ஃபிஸ்ரர், ஆண்ட்சன் முதலியோர் செய்த சோதனை இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். அத்திரசீன் மூலக்கூற்றைச் சிறிது மாற்றி, ஒளிபட்டதும் அருகிலுள்ள புரதத்தோடு நிலையாக ஒட்டிக்கொள்ளுமாறு அமைத்தனர். அதனைக் கதிர்த்தொழிற்பாடுடைய காபனால் அடையாளப்படுத்தினர். பின்னர் பச்சையவுருமணியின் மென்சவ்வுப் புரதங்களைக் கூழ்த் தகட்டில் மின்புலத்தாற் பருமன்படி பிரித்தனர். மருந்துக்கு மடியும் செடியில் ஏறத்தாழ 32,000 அலகு நிறையுள்ள புரதமொன்று அடையாளத்தைத் தாங்கி நின்றது. மடியாத செடியில் அவ்வடையாளம் அப்புரதத்தின்மீது காணப்படவில்லை. டீ-1 எனப் பின்னர் பெயர்பெற்ற இப்புரதம், ஒளித்தொகுப்பில் இலத்திரன்களைக் கைமாற்றும் தொடரின் ஒரு கண்ணியாகும். இலத்திரனை ஏற்கும் சிறு மூலக்கூறு வந்து அமரவேண்டிய இருக்கையில் அத்திரசீன் அமர்ந்து வழியை மறிக்கிறது.

1983இல் ஹேர்ஷ்பேக், மக்கின்ரொஷ் ஆகிய இருவரும் அமராந்தசு இனக் களையொன்றில் இப்புரதத்துக்குரிய பரம்பரையலகை வாசித்தனர். மடியும் செடிக்கும் மடியாத செடிக்கும் இடையே அப்புரதத்தில் இருந்த வேறுபாடு ஒன்றே: 264ஆம் இடத்தில் செரீன் என்னும் அமினோவமிலம் நிற்கவேண்டிய இடத்தில் கிளைசீன் நின்றது. அமராந்தசு எமது அடுக்களைகளில் கீரையாக வழங்கும் இனம். ஒரு நாட்டின் களை மற்றொரு நாட்டின் கறி என்பதற்கு இதுவும் சான்று.

இம்மாற்றம் இழப்பின்றிக் கிடைத்ததன்று. களைநாசினி இல்லாத நிலத்தில் எதிர்ப்புடைய செடிகள் பொதுவாக ஏனையவற்றிலும் மெலிந்தே வளர்ந்தன. அவற்றின் ஒளித்தொகுப்பு சற்றுக் குறைந்த திறனுடையது. மருந்து தெளிக்கப்படும் வயலில் மட்டுமே இக்குறை அவற்றுக்கு வெற்றியாயிற்று.

4. தூண்டலும் தெரிவும்

இவ்விடத்தில் ‘எதிர்வினை’ என்னும் சொல்லின் இருபொருளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. தனியொரு கலம் தன் வாழ்நாளுள் நஞ்சை எதிர்கொண்டு சில புரதங்களை மிகுதியாக ஆக்குவது ஒன்று. இதனைத் தூண்டல் எனலாம். பல தலைமுறைகளில், தற்செயலாக மாறியிருந்த சிலவே தப்பிப் பெருகுவது மற்றொன்று, இது தெரிவு. முன்னர்க் கூறிய டீ-1 புரதத்தின் கதை தெரிவின் கதை.

தூண்டலின் கதை சோளப்பயிரிலிருந்து தொடங்குகிறது. அத்திரசீன் சோளத்தைக் கொல்லாதது ஏன்? 1970இல் ஃபிரியர், சுவான்சன் ஆகியோர் சோள இலையிலிருந்து குளுற்றாதயோன் இடமாற்றி என்னும் நொதியத்தைப் பிரித்துக் காட்டினர். குளுற்றாதயோன் மூன்று அமினோவமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு. இந்நொதியம் அதனை நஞ்சின்மீது கொண்டுசென்று பிணைக்கிறது. பிணைக்கப்பட்ட நஞ்சு ஆற்றலிழந்து, கலத்தின் புன்வெற்றிடத்தில் ஒதுக்கி வைக்கப்படுகிறது. 1970களில் பயிரைக் களைநாசினியிலிருந்து காக்கும் ‘காப்புப்பொருள்கள்’ சந்தைக்கு வந்தபோது, அவை பயிரை எவ்வாறு காக்கின்றன என்னும் வினா எழுந்தது. 1976இல் லே, கசீடா என்போர், இப்பொருள்கள் சோள வேர்களில் குளுற்றாதயோனின் அளவையும் அவ்விடமாற்றி நொதியத்தின் செயற்பாட்டையும் உயர்த்துவதைக் கண்டனர். 1983இல் அந்நொதியம் தூய்மையாகப் பிரிக்கப்பட்டபோது, சாதாரண நாற்றில் ஒரு வடிவமும் காப்புப்பொருள் இட்ட நாற்றில் அதனுடன் இரண்டாவது வடிவமும் இருப்பது தெரியவந்தது. வெளியிலிருந்து வந்த இரசாயனம் ஒன்று, கலத்தில் முன்பு தென்படாத புரத வடிவமொன்றை ஆக்குவித்தது என்பது இதன்மூலம் கண்கூடாயிற்று.

இங்கே முற்போக்கு வாசகர் முன்னால் ஓர் எச்சரிக்கையை வைப்பது எமது கடமை. தாவரக் கலங்கள் களைநாசினிக்குப் ‘பழகிக்கொண்டன’ என்னும் சொல்வழக்கு கவர்ச்சியானது. சூழல் உயிரியைத் திருத்துகிறது, திருந்திய பண்பு வழித்தோன்றலுக்குச் செல்கிறது என்று கூறிவிடின் அது இயங்கியலுக்கு உகந்ததுபோலத் தோன்றும். இத்தோற்ற மயக்கமே சோவியத் உயிரியலை ஒரு காலத்திற் சீரழித்தது. பரம்பரை பற்றிய லைசென்கோவின் கருத்துகள் 1948 ஆகஸ்டில் சோவியத் வேளாண் விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் அதிகாரபூர்வ நிலைப்பாடாயின. பயிர்களின் தோற்றுவாய்களை உலகெங்கும் தேடிய மாபெரும் அறிஞர் வவிலோவ் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1943இல், சிறையில் மாண்டார். மார்க்சியத்தின் பெயரால் இழைக்கப்பட்ட இத்தவற்றை மார்க்சியரே முதலில் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். பொருள்முதல்வாதம் பொருளின் உண்மை இயக்கத்தைக் கற்பதேயன்றி, முன்னரே எழுதிவைத்த முடிவைப் பொருளின்மீது ஏற்றுவதன்று. களைநாசினி எதிர்ப்பைப் படைக்கவில்லை. தற்செயலாய்த் தோன்றியிருந்த மாற்றங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தது. எனினும் அத்தெரிவு எவ்வயலில், எத்துணைக் காலம், எவ்வளவு செறிவோடு நிகழவேண்டும் என்பதைத் தீர்மானித்தவை சமூக உறவுகளே. உயிரி கூர்ப்பின் செயப்படுபொருள் மட்டுமன்று, எழுவாயுமாம் என்று லெவின்சும் லெவொன்ரினும் 1985இல் ‘இயங்கியல் உயிரியலாளர்’ என்னும் நூலிலே வாதிட்டது இவ்வகையில் நினைவுகூரத்தக்கது.

தூண்டலும் தெரிவும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையல்ல என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் தொல்லை தரும் கரும்புல் எனப்படும் களையில், பல்வகைக் களைநாசினிகளையும் ஒருங்கே தாங்கும் இனங்கள் 1980களிலிருந்து பரவின. அவற்றில் குளுற்றாதயோன் இடமாற்றிகளுள் ஒன்று எந்நேரமும் மிகையாக இருப்பதை 1999இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவ்வொன்றையே ஆய்வுத்தாவரம் ஒன்றிற் புகுத்தியபோது அதுவும் பலவற்றைத் தாங்கியது என 2013இல் அறிவிக்கப்பட்டது. தூண்டப்பட்டபோது மட்டும் ஆக்கப்படவேண்டிய காப்புப் புரதம், தெரிவின் விளைவால் நிலையான காப்பாயிற்று.

5. குடுவையினுள் நிகழ்ந்தது

இனி எமது வாதத்தின் மையமாகிய கிளைபோசேற்றுக்கு வருவோம். மொன்சாண்டோ நிறுவனத்தின் இரசாயனவியலாளர் ஜோன் ஃபிரான்ஸ் 1970இல் இதன் களைகொல்லும் ஆற்றலைக் கண்டார். 1974இல் ‘றவுண்டப்’ என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அரோமற்றிக் அமினோவமிலங்களின் ஆக்கத்தை அது தடுக்கிறது என்பதை 1972இல் அந்நிறுவனத்து ஜவோர்ஸ்கி கண்டிருந்தார். ஆயினும் அது தாக்கும் நொதியம் எதுவென்பதை 1980இல் வெளியிட்டோர் அக்காலத்து மேற்கு ஜேர்மனியின் போகும் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரைன்றூக்கனும் அம்றைனும் ஆவர். ஈ.பி.எஸ்.பி. நொதியம் என இங்கு சுருக்கமாக வழங்கப்படும் அப்புரதம், தாவரங்களிலும் பற்றீரியாக்களிலும் பங்கசுக்களிலும் உள்ள சிக்கிமிக்கமிலப் பாதையின் ஒரு படியை நிகழ்த்துவது. விலங்குகளில் இப்பாதை இல்லை.

அம்றைன் குழுவினர் அடுத்து மேற்கொண்டது கல வளர்ப்புச் சோதனை. கொரிடாலிசு என்னும் பூஞ்செடியின் கலங்களைக் குடுவையில் வளர்த்து, கிளைபோசேற்றின் செறிவைப் படிப்படியாக உயர்த்தினர். பெரும்பாலான கலங்களைக் கொல்லவல்ல செறிவிலும் வளரும் கலவழியொன்று எஞ்சியது. 1983 முதல் 1985 வரை வெளியான ஆய்வுகள் அதன் காரணத்தைத் தெளிவுபடுத்தின. அக்கலங்களில் ஈ.பி.எஸ்.பி. நொதியம் மாறவில்லை, கிளைபோசேற்று அதனை முன்போலவே தாக்கியது. ஆனால் அதன் அளவு ஏறத்தாழ 40 மடங்காக உயர்ந்திருந்தது. நஞ்சு எத்தனை மூலக்கூறுகளை முடக்கினும், முடங்காதவை போதிய அளவு எஞ்சின. முன்னைய டீ-1 புரதத்தில் தன்மை மாறியது. இங்கே அளவு மாறியது.

மொன்சாண்டோவின் ஆய்வுகூடத்தில் இதே முறை பெற்றூனியாக் கலங்களிற் கையாளப்பட்டது. 1986இல் ஷா முதலியோர் வெளியிட்ட கட்டுரை, அக்கலங்களில் இந்நொதியம் மிகையாக ஆக்கப்படுவதற்குக் காரணம் அதன் பரம்பரையலகு ஏறத்தாழ இருபது பிரதிகளாகப் பெருகியிருந்தமையே என்று காட்டியது. புரதம் மிகுந்திருந்தமையால் அதனைப் பிரித்தெடுப்பதும், அதன்வழி பரம்பரையலகைக் கைப்பற்றுவதும் எளிதாயின. அப்பரம்பரையலகை வைரசு ஒன்றின் வலிய தூண்டற் பகுதியோடு இணைத்துப் பெற்றூனியாச் செடிகளிற் புகுத்தியபோது அவை கிளைபோசேற்றுக்கு மடியாமல் நின்றன. கலம் தன்னைக் காத்துக்கொண்ட முறை, ஒரு நிறுவனத்தின் கண்டுபிடிப்பாக இவ்விடத்தில் உருமாறுகிறது.

6. ஒரு நிகழ்ச்சி, இரு பெயர்கள்

இவ்வுருமாற்றத்துக்கு வேண்டிய சட்ட அடித்தளம் அதற்குள் ஆயத்தமாகியிருந்தது. 1980இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் மனிதன் மாற்றியமைத்த பற்றீரியாவுக்கு ஆக்கவுரிமை வழங்கலாம் என ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையாற் தீர்ப்பளித்தது. 1985இல் அவ்வுரிமை தாவரங்களுக்கும் விரிந்தது. 1996இல் கிளைபோசேற்றைத் தாங்கும் சோயா அவரை விதை சந்தைக்கு வந்தது. இறுதியில் அதில் இடப்பட்ட பரம்பரையலகு பெற்றூனியாவினதன்று; கிளைபோசேற்று உற்பத்தி நிலையமொன்றின் கழிவிற் கண்டெடுக்கப்பட்ட பற்றீரியாவினது. நஞ்சின் கழிவிலே வாழப் பிழைத்த நுண்ணுயிரின் புரதம், நஞ்சை விற்போரின் தனியுடைமையாயிற்று. அறுவடையில் மிஞ்சிய விதையை மறுபோகத்துக்கு விதைத்த விவசாயியொருவருக்கு எதிராக 2013இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. விதைநெல் எடுத்துவைத்தல் என்னும் தொன்மையான உரிமை, ஒரு புரதத்தின் பெயரால் குற்றமாயிற்று.

வயலோ தன் வழியே சென்றது. ஒரே களைநாசினி பரந்த நிலப்பரப்பில் ஆண்டுதோறும் தெளிக்கப்பட்டபோது தெரிவும் அதற்கேற்பக் கடுமையாயிற்று. 1997இல் மலேசியாவில், குரக்கனின் நெருங்கிய உறவுப்புல் ஒன்று கிளைபோசேற்றுக்கு மடியாமை கண்டறியப்பட்டது; அதன் ஈ.பி.எஸ்.பி. நொதியத்தின் 106ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதிலாகச் செரீன் நின்றமை பின்னர் புலனாயிற்று. 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலப் பருத்தி வயல்களில் பாமர் அமராந்தசு என்னும் கீரையினம் மருந்துக்கு மடியாது வளர்ந்தது. 2010இல் கெயின்சு முதலியோர் அதன் இரகசியத்தை வெளியிட்டனர். நொதியத்தில் மாற்றமில்லை, அதற்குரிய பரம்பரையலகு 5 முதல் 160க்கும் மேற்பட்ட மடங்கு பெருகியிருந்தது. அப்பிரதிகள் நிறமூர்த்தங்களுக்கு வெளியே, வளையவடிவ டீ.என்.ஏ. மீது சுமக்கப்படுவதை 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். 1980களில் குடுவையினுள் பெற்றூனியாக் கலம் செய்ததும், பின்னர் வெயிலிலும் மழையிலும் ஜோர்ஜியக் களை செய்ததும் ஒன்றே: பரம்பரையலகைப் பெருக்கிப் புரதத்தை மிகையாக ஆக்கியமை. முன்னது ஆய்வேட்டிலே ‘களைநாசினித் தாங்குதிறன் பொறியியல்’ எனப் போற்றப்பட்டது. பின்னது ‘எதிர்ப்பு’ எனவும் ‘படையெடுப்பு’ எனவும் பழிக்கப்பட்டது. அமெரிக்கக் களை விஞ்ஞானக் கழகம் 1998இல் வகுத்த வரைவிலக்கணத்தின்படி, பரம்பரைப் பொறியியலாலோ இழைய வளர்ப்பாலோ பெறப்படுவதும் எதிர்ப்பேயாகும். தாங்குதிறன் என்பது ஓரினத்தின் இயல்பான ஆற்றலை மட்டும் குறிக்கும். அவ்வரைவிலக்கணத்துக்குப் பின்னரும் விற்பனை விதைகள் ‘தாங்குதிறன் கொண்டவை’ என்றே விளம்பரப்படுத்தப்பட்டன. அறிவியல் கைவிட்ட வேறுபாட்டைச் சந்தை பேணிக்கொண்டது. விலைக்கு வரும் புரதம் தாங்குகிறது. விலைக்கு வராத புரதம் எதிர்க்கிறது.

இவ்வரலாற்றில் மற்றொரு செய்தி எவ்வாய்வேட்டினும் ஆழமாகப் பேசுகிறது. மருந்து தோற்ற ஜோர்ஜிய வயல்களில் மீண்டும் கூலியாட்கள் அமர்த்தப்பட்டு, கையாலும் மண்வெட்டியாலும் களை அகற்றினர். எந்த உழைப்பை ஒழிப்பதாகக் கூறி இரசாயனம் வந்ததோ, அவ்வுழைப்பு அதே பருத்தி நிலத்துக்குத் திரும்பியது.

7. புரதப் பட்டியலும் நெல்வயலும்

இதுவரை கூறியவை ஒவ்வொரு புரதமாகத் தேடிக்கண்ட வரலாறு. கலத்தின் புரதங்கள் அனைத்தையும் ஒருங்கே நோக்கும் முறை 1975இல் ஓஃபரெல் வகுத்த இருபரிமாணப் பிரிப்பிலிருந்து வளர்ந்தது. புரதங்களை ஒரு திசையில் மின்னேற்றத்துக்கேற்பவும், மறுதிசையில் பருமனுக்கேற்பவும் பிரித்தால் ஒவ்வொன்றும் தனிப்புள்ளியாகத் தோன்றும். மருந்து இட்ட இலையின் தகட்டையும் இடாத இலையின் தகட்டையும் ஒப்பிட்டு, பருத்த புள்ளியையும் மெலிந்த புள்ளியையும் குறித்துக்கொள்ளலாம். அப்புள்ளியை வெட்டியெடுத்து, நொதியத்தால் துண்டாக்கி, துண்டுகளின் திணிவை அளந்து, அறியப்பட்ட பரம்பரைத் தொடர்களோடு ஒப்பிட்டால் அதன் பெயர் கிடைக்கும். 1980களின் பிற்பகுதியில் பெரிய மூலக்கூறுகளின் திணிவை அளக்கும் கருவிகள் தோன்றியமையும், 2000இல் அரபிடொப்சிசினதும் 2005இல் நெல்லினதும் பரம்பரைத் தொடர்கள் முழுமையாக வெளியானமையும் இதனை இயலச் செய்தன.

2008இல் வெளிவந்த ஆய்வொன்று, கிளைபோசேற்றுக்கு உட்பட்ட நெல்லிலையை இம்முறையால் ஆராய்ந்தது. காபனீரொட்சைட்டைப் பிணைக்கும் பெருநொதியத்தின் பெரிய அலகு குறைந்திருந்தது. ஒட்சியேற்றச் சிதைவிலிருந்து கலத்தைக் காக்கும் புரதங்கள் மிகுந்திருந்தன. களைநாசினி தனக்குரிய ஒரே நொதியத்தை மட்டும் தாக்கி அமைவதில்லை, கலம் முழுவதையும் நெருக்கடிக்கு உள்ளாக்குகிறது என்பதை இத்தகைய பட்டியல்கள் உணர்த்துகின்றன. ஆயினும் பட்டியல் விளக்கமாகாது. எப்புரதம் காரணம், எது விளைவு என்பதைப் பிரித்தறியத் தனிப்புரத ஆய்வே இன்னும் வேண்டப்படுகிறது. எமது துறையிலும் சொல்லடைவு திறனாய்வுக்கு ஈடாவதில்லை.

நெல்லைக் குறிப்பிட்டவிடத்து எமது நாட்டின் நிலையையும் தொடுதல் பொருந்தும். நெல்வயல்களிற் பயன்பட்ட புரோப்பனில் என்னும் களைநாசினியை நெற்பயிர் தாங்குவதற்குக் காரணமான நொதியம் 1968இலேயே நெல்லிலிருந்து பிரித்துக் காட்டப்பட்டது. அது நஞ்சை வெட்டிச் செயலிழக்கச் செய்வது. நெல்லைப் போலவே தோன்றி நெல்லோடு போட்டியிடும் எகைனோகுளோவா என்னும் புல்லில் இந்நொதியம் மிகக் குறைவு. ஆதலால் அது மடிந்தது. ஆனால் அமெரிக்காவின் ஆக்கன்சா நெல்வயல்களில் மருந்துக்கு மடியாத அப்புல்லை ஆராய்ந்தபோது, நெல்லின் நொதியத்தையொத்த செயற்பாடே அதில் உயர்ந்திருந்தமை 1997இல் அறிவிக்கப்பட்டது. தோற்றத்தில் நெல்லைப் போலிருந்த களை புரதத்திலும் நெல்லைப் போலாயிற்று. இலங்கையிலும் புரோப்பனிலுக்கு மடியாத அப்புல் தோன்றியமையைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2002இல் எழுதியுள்ளனர்.

கிளைபோசேற்றைப் பொறுத்தவரை, இலங்கை அரசு 2015இல் அதற்குத் தடை விதித்தது. 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்காகத் தடையைத் தளர்த்தியது. 2022இல் அதனை நீக்கியது. விவசாயிகளின் சிறுநீரக நோய் குறித்த அச்சம் தடைக்கு ஊக்கமளித்தது. முதற் தளர்வு பெருந்தோட்டத்துறைக்கே கிடைத்தது என்பது நோக்கற்பாலது. களையெடுப்போரின் கூலி உற்பத்திச் செலவிற் பெரும்பங்காக அமையும் துறை அதுவே. மருந்து வேண்டுமா வேண்டாமா என்னும் வாதத்துள், மருந்து இல்லாதபோது குனிந்து களையெடுப்பவர் யார், மருந்து உள்ளபோது முதுகிற் கலனைச் சுமந்து தெளிப்பவர் யார் என்னும் வினா இரு சாராராலும் எளிதில் மறக்கப்படுவது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, களைநாசினிக்கு எதிர்வினையாகத் தாவரக் கலம் ஆக்கும் புரதங்கள் பற்றிய அறிவு, அக்களைநாசினிகள் வயலிலே தோற்கத் தொடங்கிய பின்னரே பெரிதும் வளர்ந்தது. களை ஆய்வுப்பொருள் மட்டுமன்றி ஆய்வைத் தூண்டிய காரணியுமாம். இரண்டு, அவ்வறிவிற் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களிலும் பொதுநிதி பெற்ற ஆய்வுகூடங்களிலும் கூட்டுழைப்பால் விளைந்தது. அதன் பயனோ ஆக்கவுரிமையாகத் தனியுடைமைக்குள் அடங்கியது. மூன்று, ‘எதிர்ப்பு’, ‘தாங்குதிறன்’ என்னும் சொற்களின் வேறுபாட்டைக் கலத்தினுள் தேடிக் காணமுடியாது. அதனைச் சந்தையிலேதான் காணலாம்.

இயற்கையின்மீது மனிதன் ஈட்டும் ஒவ்வொரு வெற்றிக்கும் இயற்கை பின்னர் விலை கேட்கிறது என்னும் கருத்தை ஏங்கெல்சு நூற்றாண்டுக்கு முன்னரே முன்வைத்தார். அவ்விலையை எல்லோரும் சமமாகச் செலுத்துவதில்லை என்பதைச் சேர்த்துக் கூறினால்தான் அக்கருத்து நிறைவுறும். இவ்வாய்வுகளை நிறுத்துவது எவருக்கும் பயன்தராது. புரதங்களை அறிதல் களைகளை அறிதலுமாகும். ஒரே மருந்தை ஓயாது தெளிப்பதன் மடமையை உலகுக்கு உணர்த்தியதும் இவ்வாய்வுகளே. வேண்டற்பாலது, எப்பயிருக்காக, எவருடைய உழைப்பைக் குறைப்பதற்காக, எவருடைய உடைமையாக இவ்வறிவு ஆக்கப்படுகிறது என்னும் வினாவை ஆய்வின் உட்பகுதியாகவே கொள்வது. அவ்வினாவை எழுப்பும் உரிமை ஆய்வுகூடத்துக்கு வெளியே, வயலிற் குனிந்து நிற்போருக்கும் உண்டு. எது களை என்பதை இதுகாறும் தம் கைகளால் தொட்டறிந்து பிரித்தோர் அவர்களேயாவர்.